உறுமுகிற எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே மாற்றலாம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அத்தை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையில் இருப்பது 2013-இல் வாங்கிய கம்ப்யூட்டர். விண்ணப்பம் நிரப்புவது, பிரின்ட் எடுப்பது, அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. போன மாதம் அத்தை போன் செய்தார். "டேய், சிபியூ லாரி மாதிரி உறுமுதுடா. வர்றவங்க பேசுறதே காதுல விழல. புதுசு வாங்கிடட்டுமா?"

வேண்டாம் அத்தை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மாற்றியது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி, அது மட்டும்தான். கையில் இருந்தது ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர். கேபினட்டை, அதாவது சிபியூவின் வெளிப்பெட்டியை, இதுவரை திறந்தே பார்க்காதவர்களும் இதைச் செய்யலாம். பொறுமை மட்டும் வேண்டும்.

சத்தம் எதிலிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். கேபினட்டுக்குள் சுற்றுகிறவை பல: ப்ராசஸர் ஃபேன், பின்பக்க ஃபேன், ஹார்ட்டிஸ்க், எஸ்எம்பிஎஸ் ஃபேன். பழைய காலண்டர் அட்டையைக் குழலாகச் சுருட்டுங்கள். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் அருகிலும், எதிலும் படாமல், கொண்டுபோங்கள். சத்தம் எங்கே என்று குழல் பளிச்சென்று காட்டிவிடும்.

காலையில் போட்டதும் 'கர்ர்ர்' என்று ஆரம்பித்து, சூடேறியதும் கொஞ்சம் அடங்கினால், பெரும்பாலும் ஃபேன் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்று அர்த்தம். 'டிக், டிக்' என்று தட்டுகிற சத்தம் என்றால் அது ஹார்ட்டிஸ்க். அப்படியானால் இந்த வேலையை விட்டுவிட்டு, முதலில் ஃபைல்களை வேறு இடத்துக்கு காப்பி செய்யுங்கள்.

நம் பக்கத்தில் ஃபேன் சீக்கிரம் கெடுவதற்குக் காரணமும் இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற தூசி ஒரு பக்கம், கடல் காற்றின் ஈரமும் உப்பும் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து ஃபேன் இறக்கையில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்கின்றன. அத்தை கடை ஃபேனில் அந்தச் சாம்பல் நிறப் படலத்தை நகத்தால் கீறினால் சுருளாக உரிந்து வந்தது.

பெட்டியைப் பிரிக்காதீர்கள்

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்கள் பிரிக்கவே கூடாது. உள்ளே வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரம் டிசியாக மாறி, சுமார் 325 வோல்ட்டில் பெரிய கெபாசிட்டரில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். உயிருக்கு ஆபத்து. அதோடு, பத்து வருஷம் ஓடிய பெட்டியில் ஃபேனுக்கு மட்டுமா வயதாகியிருக்கும்? முழுசாக மாற்றிவிடுவதுதான் நல்லது.

வாங்கும்போது

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அளவையும் பாருங்கள். ஏடிஎக்ஸ் என்கிற சாதாரண அளவுப் பெட்டி 150 மில்லிமீட்டர் அகலம், 86 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். டெல், ஹெச்பி போன்ற கம்பெனிகளின் சின்ன கேபினட்டுகளில் ஒல்லியான பெட்டியோ வேறு மாதிரி கனெக்டரோ இருக்கலாம். அப்படி இருந்தால் அந்த மாடலுக்கே உரியதைக் கேட்டு வாங்குங்கள்.

அத்தை கடையிலிருந்து தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். அங்கே '450 வாட்' என்று எழுதிய பெட்டிகள் பல விலையில் கிடைக்கும். வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12-ஐ 18-ஆல் பெருக்க 216 வாட். முக்கியமான வேலையெல்லாம் அந்த 12 வோல்ட்டில்தான் நடக்கிறது. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இலேசாக இருப்பதை வாங்காதீர்கள். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கடைக் கம்ப்யூட்டருக்கு, வாரண்டியோடு வருகிற நல்ல பிராண்டில் 400 அல்லது 450 வாட் தாராளம்.

கழற்றுவது

ஷட்டவுன் செய்து, சுவரில் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்குங்கள். யூபிஎஸ் இருந்தால் அதிலிருந்தும். பிறகு முன்பக்க பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் கொஞ்சம் இறங்கும். மானிட்டர் கேபிள் உட்பட எல்லாவற்றையும் கழற்றி, கேபினட்டை மேஜை மேல் படுக்கவையுங்கள். உள்ளே கைவைக்கும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிடுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

முன்பக்கமிருந்து பார்த்தால் இடதுபுற மூடிதான் திறக்க வேண்டியது. திறந்ததும் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். மாட்டும்போது அந்தப் படங்கள்தான் துணை.

மதர்போர்டின், அதாவது எல்லாம் இணைகிற பெரிய சர்க்யூட் போர்டின், ஓரத்தில் இருக்கும் அகலமான 24 பின் கனெக்டரில்தான் எல்லோருக்கும் பயம். அதன் பக்கவாட்டில் ஒரு கிளிப் இருக்கும். மேல்முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் கீழே உள்ள கொக்கி விலகும். அழுத்தியபடியே கனெக்டரைப் பிடித்து இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துத் தூக்குங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இன்னொரு கையால் போர்டின் விளிம்பைத் தாங்கிக்கொண்டால் போர்டு வளையாது. ப்ராசஸர் பக்கத்தில் 4 பின் கனெக்டர் இருக்கும், அதற்கும் இதே முறை. ஹார்ட்டிஸ்க், டிவிடி டிரைவ் கேபிள்கள் நேராக இழுத்தாலே வந்துவிடும்.

இப்போது பின்பக்கத்தில் நாலு ஸ்க்ரூ. அத்தை கடையில் இரண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. பலத்தைக் காட்டினால் தலை வழுக்கிவிடும். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிடம் விட்டேன், அப்புறம் சுலபமாகச் சுற்றியது. கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நழுவினால் ப்ராசஸர் மேலேயே விழும்.

மாட்டுவது

காலி இடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டுப் புதியதை வையுங்கள். எஸ்எம்பிஎஸ் மேலே உட்காரும் கேபினட்டில் பெரிய ஃபேன் கீழே பார்க்க வேண்டும். நாலு ஸ்க்ரூவையும் பாதி பாதி சுற்றி, பெட்டி நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள்.

கனெக்டர்கள் ஒரே பக்கமாகத்தான் நுழையும். 'டிக்' என்று கிளிப் பிடிக்க வேண்டும். புதிதில் 24 பின் 20-உம் 4-உமாகப் பிரிந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் செருகுங்கள். ப்ராசஸர் 4 பின்னுக்குப் போவது 'சிபியூ' என்று எழுதிய கேபிள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் பார்க்க அப்படியே இருக்கும், அதை இங்கே செருகாதீர்கள். தனியே கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள மாடல் என்றால், பழைய கேபிளைப் புதிய பெட்டியில் மாட்டவே வேண்டாம். முனை பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கலாம், ஹார்ட்டிஸ்க் புகைந்துவிடலாம்.

போட்டுப் பார்ப்பது

மூடியை மூடாமலே கேபிள்களை மாட்டி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற ஸ்விட்சை ஆன் செய்து, பவர் பட்டனை அழுத்துங்கள். எதுவுமே அசையவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பின்புற ஸ்விட்சை மறந்திருப்பீர்கள். ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ப்ராசஸர் 4 பின்னைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சோதியுங்கள். கேபினட்டின் உலோகத்தில் டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரிகிறதா? தொட்டால் விரலில் சுள்ளென்கிறதா? அது எஸ்எம்பிஎஸ் பழுது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் சுவர் சாக்கெட்டில் எர்த் வேலை செய்யவில்லை. அத்தை கடையிலும் டெஸ்டர் எரிந்தது. எலக்ட்ரீஷியன் வந்து திறந்து பார்த்தபோது மூன்றாவது துளைக்கு ஒயரே இழுக்கவில்லை. பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். எர்த் இல்லாமல் எவ்வளவு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டாலும் பாதுகாப்பு இல்லை.

எல்லாம் முடிந்து விண்டோஸ் வந்ததும் ஒரு வெப்சைட்டும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்றே காட்டியது. தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்த நேரத்தில், மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர் 2032 பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை. மறுபடி அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துக் கடையில் வாங்கிய பேட்டரியை எழுத்துள்ள பக்கம் மேலே தெரிய வைத்து, தேதியைச் சரி செய்தேன். உங்கள் கம்ப்யூட்டரும் அந்த வயது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோடு பேட்டரியும் ஒன்று வாங்கி வந்துவிடுங்கள்.

மூடியைப் போட்டதும் அத்தை குனிந்து பெட்டியில் காதை வைத்தார். "ஓடுதாடா?" என்று கேட்டார்.