கடல் மீனை அடையாளம் காண்பது எப்படி? சென்னையில் புதிதாக மீன் வாங்குபவர்களுக்கு

மீன் பெயர் தெரியாமல் தடுமாறும் பலர் துண்டு போட்ட மீனை மட்டுமே பார்த்துப் பழகியவர்கள். துண்டில் தலையும் இல்லை, துடுப்பும் இல்லை. எதை வைத்து அடையாளம் சொல்வது? முழு மீனைப் பார்த்துப் பழகுங்கள்.

படி 1: சரியான இடத்துக்குப் போங்கள்

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் சூடுபிடித்துவிடும், புதியவர் நின்று நிதானமாகப் பார்க்க முடியாது. நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் தொடங்குங்கள். ஃபைபர் படகில் வந்த கிழங்கான், நெத்திலி, காரப்பொடி எல்லாம் கூறு கூறாக இருக்கும். "அக்கா, இது என்ன மீன்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது பெரிய மீன் கண்ணில் பட்டால் எந்த ஊர்ச் சரக்கு என்று விசாரியுங்கள். மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கலாம்.

படி 2: வஞ்சிரமா, சீலாவா?

இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. வஞ்சிரத்தின் தோல் வழவழப்பாக இருக்கும், செதில் கையில் தட்டுப்படாது. வாலுக்கு முன்னால் மேலும் கீழும் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். உடம்பில் குறுக்குப் பட்டைகள் இருந்தால், செவுளிலிருந்து வால் வரை ஓடும் மெல்லிய கோட்டையும் பாருங்கள்: இரண்டாவது முதுகுத் துடுப்பு முடியும் இடத்தில் சட்டென்று கீழே இறங்கும். பட்டைக்குப் பதில் புள்ளிகள் இருந்தால் அது வஞ்சிரத்திலேயே இன்னொரு வகை.

சீலாவுக்குச் செதில் உண்டு. கீழ்த்தாடை முன்னால் நீண்டிருக்கும், முதுகின் இரண்டு துடுப்புகளும் தள்ளித் தள்ளி இருக்கும். சீலாவும் நல்ல மீன்தான், ஆனால் வஞ்சிரம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் கண் முன்னால் துண்டு போடச் சொல்லுங்கள்.

படி 3: வவ்வால்

கருப்பு வவ்வால் உண்மையில் பாரை மீன் குடும்பம். வால் தொடங்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், சொரசொரவென்று கடினமான செதில் வரிசை தட்டுப்படும். வெள்ளை வவ்வாலில் அது இருக்காது.

படி 4: இறால்

கடல் இறாலா, பண்ணை இறாலா என்று கேட்டே வாங்குங்கள். பண்ணை இறாலான வனாமி, அமெரிக்கக் கண்டங்களின் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம். 2009 முதல் இங்கே பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அதற்கான தாய் இறால்கள் வெளிநாட்டிலிருந்து வந்து முதலில் தனிமைப்படுத்தப்படுவது நம் நீலாங்கரையில்தான். குவியல் முழுக்க ஒரே அளவாக இருந்தால் பெரும்பாலும் பண்ணைச் சரக்கு.

படி 5: நண்டு

ஓட்டின் பின்பக்கம் மூன்று சிவந்த புள்ளிகள் இருந்தால் மூன்று புள்ளி நண்டு. முதுகில் சிலுவைக் குறி இருந்தால் சிலுவை நண்டு. நீலக்கால் நண்டில் நீல நிறம் ஆணுக்கு. பெண் பழுப்புப் பச்சை. அப்புறம், திருப்பிப் போட்டு வயிற்று மடலைப் பாருங்கள்: ஆணுக்கு ஒடுக்கம், பெண்ணுக்கு அகலம். அளவுக்கு ஏற்ற கனம் இல்லாத நண்டு வேண்டாம், உள்ளே சதை குறைவாக இருக்கும்.

மடலுக்கு வெளியே கொத்துக் கொத்தாக முட்டை சுமந்த நண்டை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு நண்டில் லட்சக்கணக்கான முட்டைகள் இருக்கும். "முட்டை நண்டு வேண்டாம்க்கா" என்று கடையிலேயே சொல்லிவிடுங்கள்.