கடை டேபிளில் ஓடுகிறது, வீட்டில் டிஸ்ப்ளே வரவில்லை

போன மாதம் அக்கா பையன் தண்டையார்பேட்டையிலிருந்து போன் செய்தான். "மாமா, புதுசா அசெம்பிள் பண்ண சிஸ்டம்ல டிஸ்ப்ளே வரலை. ரெண்டு தடவை ரிச்சி ஸ்ட்ரீட் போய்ட்டு வந்துட்டேன். அங்க போட்டா ஓடுது, இங்க போட்டா ஓடலை." கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060, ப்ராசஸர் இன்டெல் ஐ5 12400எஃப். கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்காக மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷன் வரை போவதும் வருவதுமாக அவனுக்கு இரண்டு நாள் லீவு காலி. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் டேபிளில் திறந்து கிடக்கும் போர்டில் கார்டைச் செருகி, மானிட்டரில் படம் வந்ததும் "கார்டு பக்காவா இருக்கு தம்பி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

இப்படி ஆனால் யோசிக்க வேண்டியது இதுதான்: கடை டேபிளில் இல்லாமல் உங்கள் வீட்டில் மட்டும் என்ன இருக்கிறது? கேபினட், சிஸ்டத்துக்குக் கரண்ட் தரும் உங்கள் எஸ்எம்பிஎஸ், உங்கள் வீட்டுச் சுவர் பிளக், மதர்போர்டுக்குள் இருந்து சிஸ்டத்தைக் கிளப்பும் உங்கள் பயாஸின் செட்டிங், கார்டை இயக்க விண்டோஸில் உட்கார்ந்திருக்கும் பழைய டிரைவர். கோளாறு பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் இருக்கும், அதனால் மூன்றாவது முறை மெட்ரோ ஏறுவதற்கு முன் இதே வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம், சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நானே செய்திருக்கிறேன். மானிட்டர் கேபிளை மதர்போர்டின் (ப்ராசஸர், ரேம், கார்டு எல்லாம் செருகும் பெரிய போர்டு) எச்டிஎம்ஐயில் செருகிவிட்டுக் கார்டைத் திட்டுவது. கேபினட்டின் பின்பக்கம் மேலே செங்குத்தாக இருக்கும் போர்ட்டுகள் மதர்போர்டுடையவை, கீழே படுக்கை வாட்டில் இருப்பவை கார்டுடையவை. கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடிகிற ப்ராசஸர்களிலும், ஏஎம்டியின் ரைசன் 5 5600 மாதிரி 'ஜி' இல்லாத ஏஎம்4 சாக்கெட் சிப்களிலும் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது, மதர்போர்டு போர்ட்டில் செருகினால் விடிய விடியக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. உள்ளே கிராஃபிக்ஸ் இருக்கும் சிப் என்றால் இன்னும் மோசம், படம் வந்துவிடும், கேம் மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் போகும், நீங்கள் கார்டு டூப்ளிகேட்டோ என்று சந்தேகப்பட ஆரம்பிப்பீர்கள்.

சரி, இப்போது கேபினட். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் சைடு பேனலைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது மதர்போர்டின் ஓரத்தில் 'விஜிஏ' என்று எழுதிய இடத்தில் எரிந்துகொண்டிருந்த குட்டி விளக்கு. இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு விளக்குகள் இருக்கின்றன, எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் போர்டு முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்து போன் டார்ச்சை கார்டின் அடிப்பக்கம் அடித்துப் பார்த்தேன். ஸ்க்ரூ போட்டிருந்த பக்கம் தங்க நிறப் பற்கள் ஸ்லாட்டுக்குள் முழுக்க மறைந்திருந்தன, எதிர்ப்பக்கம் நகம் அகலத்துக்கு ஒரு தங்கக் கோடு வெளியே தெரிந்தது. அவ்வளவுதான் கோளாறு. கையால் அழுத்தினால் உட்காருகிறது, ஸ்க்ரூவை முடுக்க முடுக்க வால் பக்கம் மெல்லத் தூக்குகிறது. விலை குறைந்த கேபினட், தகடு மெலிசு, கார்டின் இரும்புப் பட்டையின் நாக்கு மதர்போர்டுக்கும் தகடுக்கும் நடுவில் இறங்காமல் தகட்டின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கடை டேபிளில் தகடும் இல்லை ஸ்க்ரூவும் இல்லை, அதனால்தான் அங்கே ஒழுங்காக ஓடியது.

இதைச் சரிசெய்ய: மெயின் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளை உருவி, கேபினட்டின் பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச சார்ஜை இறக்கிவிடுங்கள். கார்டைக் கழற்ற ஸ்லாட்டின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்த வேண்டும், அதை மறந்து இழுத்தால் கொக்கி உடையும், சில சமயம் ஸ்லாட்டே வரும். மதர்போர்டு ஸ்க்ரூக்களை எல்லாம் பாதி தளர்த்தி, கார்டை முதலில் கொக்கி 'டக்' என்று சொல்லும்வரை நேராக அழுத்தி உட்கார வைத்து, கார்டு இருக்கும் நிலைக்கு ஏற்ப போர்டை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தி, அதன் பிறகு எல்லா ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். அப்படியும் தூக்கினால் பட்டையின் நாக்கை இடுக்கியால் துளி வளைத்துக்கொள்ளலாம். எந்த ஸ்லாட் என்பதும் முக்கியம், ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்தான், கீழே இருப்பது பார்க்க அதே நீளத்தில் இருந்தாலும் பெரும்பாலான போர்டுகளில் அதற்கு நான்கு லேன்தான் (டேட்டா போகும் பாதை) ஓடும். கடல் பக்கத்து வீடுகளில், தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவான்மியூர் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன், பழைய கார்டாக இருந்தால் பற்களில் உப்புக்காற்றுப் படலம் படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட்டுப் போடுங்கள். பென்சில் ரப்பர் வைத்தியமும் வேலை செய்யும், மெதுவாகத் தேய்த்து, ரப்பர் துகளை ஊதிவிட்டு.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், பணத்தைச் சேமிக்கிறேன் என்று எல்லோரும் கை வைக்கிற இடம். கணக்கு எளிது: ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும், 6 பின் கேபிள் இன்னொரு 75, 8 பின் கேபிள் 150. ஆர்டிஎக்ஸ் 3060 இழுப்பது 170, அதனால் அதற்கு 8 பின் கட்டாயம், மொத்த சிஸ்டத்துக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று என்விடியாவே சொல்கிறது. கேபினட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' டப்பாவின் ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையைப் படித்துப் பாருங்கள், ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மையான பலம் தெரிந்துவிடும், பல டப்பாக்களில் 450 என்பது பெட்டிமேல் மட்டும்தான் இருக்கும். ப்ராசஸருக்கான 8 பின் கேபிளையும் கார்டுக்கான 8 பின் கேபிளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கார்டுக்கானது 6+2 என்று பிரியும், ப்ராசஸருக்கானது 4+4. பின்களின் வடிவம் வேறு, போகவில்லை என்றால் போகக் கூடாது என்று அர்த்தம், பலத்தைக் காட்டினால் கார்டு புகைந்துவிடும். கேபிள்களைத் தனியாகக் கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் இன்னொரு ஆபத்து, நண்பனுடைய வேறு பிராண்டு கேபிளை வாங்கிச் செருகாதீர்கள், எஸ்எம்பிஎஸ் முனையில் பின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டாமல் இரண்டு தனிக் கேபிள் போடுங்கள். புதிய கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாமல் முழுக்க அழுத்தி, செருகின இடத்திலேயே மடக்காமல் மூன்று நான்கு சென்டிமீட்டர் நேராக விட்டு அப்புறம் வளையுங்கள். ஆர்டிஎக்ஸ் 4090 வந்த 2022இல் கனெக்டர் உருகிய கதைகளில் அரைகுறையாகச் செருகியதும் ஒரு முக்கியக் காரணம்.

விண்டோஸ் வரை ஒழுங்காக வந்து, டிரைவர் போட்டதும் அல்லது கேம் திறந்ததும் சிஸ்டமே பொட்டென்று அணைந்து மறுபடி தொடங்குகிறதா? முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல் போகட்டும். டிரைவர் இல்லாதவரை கார்டு அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது, டிரைவர் வந்த பிறகுதான் முழு வேகத்துக்குப் போய்க் கரண்டை இழுக்கும், அதுவும் சராசரியைவிட அதிகமாக நொடியில் ஒரு துளி நேரம் இழுத்துவிடும். விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' மட்டும் இருந்தால் பெரும்பாலும் திடீரென்று பவர் போயிருக்கிறது என்று அர்த்தம். சிஸ்டம் அணையாமல் திரை மட்டும் சில நொடி கறுத்து, கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்தால் டிரைவர் பக்கம் பாருங்கள்.

யுபிஎஸ் இருந்தால் அதையும் ஒருமுறை தாண்டி நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும், கேம் ஓடும்போது இந்த மாதிரி சிஸ்டம் மானிட்டரோடு சேர்ந்து அதன் தலைக்கு மேல் போய்விடக்கூடும். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்றால் எர்த் இல்லை. பழைய வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இதில் நீங்கள் கைவைக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். ஹவுஸ் ஓனரிடம் பேசுவது உங்கள் சாமர்த்தியம்.

பயாஸ். கார்டு ஒழுங்காக உட்கார்ந்து, பவரும் போய், இன்னும் டிஸ்ப்ளே இல்லை என்றால் பயாஸை ரீசெட் செய்யுங்கள். போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரியைப் பவர் கேபிளை உருவிவிட்டுக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் போதும். அதற்குப் பிறகு முதல் தடவை ஆன் செய்யும்போது ரேமைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளும், டிடிஆர்5 போர்டுகளில் அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகும், அந்த நேரத்தில் அவசரப்பட்டு அணைக்காதீர்கள். கார்டைச் செங்குத்தாக நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராகச் செருகிப் பாருங்கள், பழைய ரைசர் பிசிஐஇ ஸ்லாட்டின் மூன்றாம் தலைமுறை வேகத்துக்குத்தான் செய்தது, அதையே வைத்துக்கொள்ள வேண்டுமானால் பயாஸில் ஸ்லாட் வேகத்தை ஜென் 3 என்று கட்டி வையுங்கள்.

டிஸ்ப்ளே வந்த பிறகு பயாஸில் செய்ய வேண்டியது: சிஎஸ்எம் (பழைய முறையில் சிஸ்டத்தைக் கிளப்பும் வசதி) ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே மூச்சில் தொட வழி) ஆன். இன்டெல் ஆர்க் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தக் கடைசி ஆப்ஷன் விருப்பம் இல்லை, கட்டாயம், இல்லாமல் ஓட்டினால் வேகம் படுத்துவிடும். ஒரு எச்சரிக்கை, பழைய டிஸ்க்கில் விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் போட்டிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸே கிளம்பாது. பயப்படாமல் சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்து உள்ளே போய், முக்கியமானதை பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொண்டு அப்புறம் அணையுங்கள்.

டிரைவருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் டிரைவர் இன்னும் ஏறவில்லை. பழைய கார்டு ஒரு கம்பெனி, புதுசு இன்னொன்று என்றால், நெட்டைத் துண்டித்து, சேஃப் மோடில் போய், டிடியு என்ற இலவசக் கருவியால் பழையதை வேரோடு பிடுங்கிவிட்டு, முன்னாலேயே இறக்கி வைத்த புது டிரைவரைப் போடுங்கள். நெட் இருந்தால் இடையில் விண்டோஸ் அப்டேட் மூக்கை நுழைத்துத் தன்னிடம் இருக்கும் பழசு ஒன்றைப் போட்டுவிடும். டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் சைட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

எல்லாம் ஓடுகிறது என்று தோன்றினாலும் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைத் திறந்து 'பஸ் இன்டர்ஃபேஸ்' வரியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது வேகம் 1.1 என்று காட்டும், அது மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கு. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓடவிட்டால் உண்மையான எண் வரும். எக்ஸ்16 (பதினாறு லேன்) கார்டு எக்ஸ்4 என்றோ எக்ஸ்1 என்றோ காட்டினால் கார்டு சரியாக உட்காரவில்லை அல்லது தப்பான ஸ்லாட். ஆர்டிஎக்ஸ் 4060க்கு எக்ஸ்8தான், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு எக்ஸ்4தான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கப் போகிறவர்கள் இந்த மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டே போங்கள். பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சூட்டிய கார்டுகள் சுற்றியிருக்கின்றன, 2018லிருந்து ஜிபியு-இசட் அப்படிப்பட்டவற்றின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று காட்டிவிடுகிறது.

சூடு பற்றி மட்டும் சென்னைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். யூடியூபில் ஏசி அறையில் உட்கார்ந்து 65 டிகிரிதான் என்று காட்டுவார்கள். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ கிட்டத்தட்ட அத்தனை டிகிரி கார்டும் ஏறும், கத்திரி வெயிலில் மாடி வீட்டு அறையில் அதே கார்டு 80ஐத் தொடுவது நோயே இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060 மாதிரி கார்டுகள் 83 வாக்கில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ள ஆரம்பிக்கும், அதற்கு முன்னாலேயே ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை 85 சதவீதத்துக்கு இறக்கிவிட்டால் சில டிகிரி குறையும், கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கேபினட்டைச் சுவரோடு ஒட்டி, மேசைக்கடியில் திணித்து வைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

அக்கா பையனுக்கு அன்று சாயங்காலமே டிஸ்ப்ளே வந்துவிட்டது. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போய் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60இலேயே ஓடிக்கொண்டிருந்ததையும் மாற்றி வைத்துவிட்டு, அக்கா போட்ட காபியைக் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். ராத்திரி பதினொன்றரைக்குப் போன். "மாமா, கார்டு ஃபேன் ரெண்டுமே சுத்தலை, போச்சா?" இப்போது வரும் கார்டுகள் பலவும் ஐம்பது அறுபது டிகிரி தாண்டும்வரை ஃபேனை நிறுத்தியே வைத்திருக்கும். ஏதாவது ஒரு கேமைத் திறந்து ஐந்து நிமிடம் விளையாடச் சொன்னேன். போனிலேயே ஃபேன் சத்தம் கேட்டது.