இரண்டாவது எஸ்எஸ்டி போட்டதும் காணாமல் போன ஹார்ட் டிஸ்க்

புது அசெம்பிள்ட் கம்ப்யூட்டரில் இரண்டாவது எம்.2 எஸ்எஸ்டியை (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறு சேமிப்பு அட்டை) போட்டதும் பழைய 2 டிபி ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிலும் இல்லை. ஆனால் தொட்டுப் பார்த்தால் டிஸ்க் சுற்றும் அதிர்வு தெரிந்தது, பவர் போகிறது. சரி, டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன், பயாஸைப் புதுப்பித்தேன். பலனில்லை, நாள்தான் போனது.

விடை மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி இருந்தால் சாட்டா 5, 6 போர்ட்டுகள் வேலை செய்யாது. போர்டில் தரவுப் போக்குவரத்தைக் கவனிக்கும் சிப்செட்டிலிருந்து அந்த ஸ்லாட்டுக்கும் இந்தப் போர்ட்டுகளுக்கும் ஒரே பாதைதான். என் டிஸ்க் இருந்ததோ 5-இல். கேபிளைக் கழற்றி 1-இல் செருகினேன், வந்துவிட்டது. அப்பாடா!

எந்த எண் போர்ட் அணையும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும்; சிலவற்றில் சாட்டா முறையில் இயங்கும் எம்.2 எஸ்எஸ்டி போட்டால் மட்டுமே அணையும். வாங்கும் முன்பே கையேட்டை இறக்கி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடலாம்.