சலூன் நாற்காலியில் வாய் மூடி உட்காராதீர்கள்

கழுத்தைச் சுற்றித் துணி கட்டியதும் நம்மில் பலருக்குப் பேச்சு நின்றுபோகிறது. தண்டையார்பேட்டையில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகு "இப்படி ஒட்ட வெட்டிட்டாரே" என்று புலம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாற்காலியில் இருக்கும்போதே "அண்ணே, சைடு இதோட போதும்" என்று சொன்னவர்கள் குறைவு. முடியாவது போகட்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். பிளேடிலும் முடிக்குப் போடும் டையிலும் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் அது உடம்பைப் பாதிக்கும்.

முதலில் போகிற நேரம். செவ்வாய்க்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே கட்டிங் என்று பாதி ஏரியாவும் கிளம்பிவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளும் அதே கதைதான். பத்துப் பேர் பெஞ்சில் காத்திருக்கும்போது கத்திரிக்காரர் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்தாலும் கை அவசரப்படும், பிளேடு மாற்றுவதும் துணி மாற்றுவதும் விட்டுப்போகும். புதன், வியாழன் மதியம் போய்ப் பாருங்கள், அதே கையில் வேறு மாதிரி வெட்டு கிடைக்கும்.

சபரிமலைக்கு மாலை போட்டு, நாற்பது நாளுக்கு மேல் வளர்ந்த தாடியோடு தை மாதம் வந்து உட்காருகிறவர்கள் நேராகக் கத்தி வைக்கச் சொல்வது இன்னொரு தவறு. முதலில் மெஷினில் குறைத்து, வெந்நீரில் நனைத்த துண்டைச் சற்று நேரம் வைத்து, முடி வளர்ந்த திசையிலேயே மழிக்கச் சொல்லுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் வழவழப்பாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு நாளில் கழுத்தெல்லாம் சிவந்த பொரி கிளம்பும்.

எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்வதிலும் தடுமாறுகிறோம். "ஷார்ட்டா வெட்டுங்க" என்றால் அவர் மனதில் ஒரு அளவு, உங்கள் மனதில் ஒரு அளவு. மெஷினில் மாட்டும் சீப்புக்கு நம்பர் உண்டு. பொதுவாக ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர், இரண்டு என்றால் 6, நான்கு என்றால் 13 அளவில் முடி நிற்கும். போன தடவை பிடித்திருந்தால் "சைடுக்கு என்ன நம்பர் போட்டீங்க?" என்று கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படம் காட்டுவதானால் பக்கவாட்டும் பின்பக்கமும் தெரிகிற படமாக, உங்கள் முடி மாதிரியே முடி உள்ளவர் படமாக இருக்கட்டும். சுருட்டை முடிக்காரர்கள் ஒரு விரல் நீளம் கூடவே விடச் சொல்ல வேண்டும். ஈரத்தில் நீண்டு தெரியும், காய்ந்ததும் சுருண்டு மேலே ஏறிவிடும். இப்போது நம் பக்கத்துக் கடைகளில் வடமாநிலத்துத் தம்பிகள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். மொழி புரியாமல் தலையாட்டிவிடுவதுண்டு. விரலால் அளவு காட்டி, அவரையும் திரும்பக் காட்டச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் வா, போ என்று ஒருமையில் கூப்பிடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது பழைய சாதித் திமிரின் மிச்சம்.

பிளேடு விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை. கடைக் கத்தியில் பாதியாக உடைத்த பிளேடைத்தான் மாட்டுவார்கள். அதன் உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்க வேண்டும். ஷேவிங்குக்குக் கேட்கிறவர்கள்கூடக் கட்டிங்குக்குக் கேட்பதில்லை. கிருதாவுக்கும் பிடரிக்கும் லைன் போட வருவது அதே கத்திதான் என்பது மறந்துவிடுகிறது. எல்லோரும் எச்.ஐ.வி.க்குப் பயப்படுகிறார்கள். ரத்தத்தின் வழியே அதைவிடச் சுலபமாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தாலும் அந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும், கல்லீரலைப் பிடிக்கும். டெட்டால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டால் பழைய பிளேடு புதிதாகிவிடாது. ஷேவிங் முடிந்ததும் தேய்க்கிற படிகாரக் கட்டியையும் கவனியுங்கள். காலையிலிருந்து எத்தனை பேர் கீறலில் அது பட்டிருக்கும்! "வேணாம்ணே, தண்ணி போதும்" என்று சொல்லிவிடலாம். துண்டைக் கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. தாடைப் படை, தலைப் படை எல்லாம் துண்டிலும் மெஷின் பல்லிலும் பயணம் செய்கிறவை. நான் கேட்டு இதுவரை எந்த நல்ல கடைக்காரரும் கோபித்ததில்லை.

அடுத்தது டை. என் மைத்துனர் தன் மகளின் சடங்குக்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு கடையில் உட்கார்ந்து கறுப்பு டை போட்டுக்கொண்டார். மறுநாள் காலை நெற்றியில் அரிப்பு, மத்தியானத்துக்குள் கண் இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மகளுக்குத் தட்டு வரிசை வந்த நேரத்தில் அப்பா தோல் மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. டையைக் குழைத்தவர் ஒரு கேள்வி கேட்கவில்லை, இவரும் பழைய அரிப்பைச் சொல்லவில்லை.

காரணம் பிபிடி என்று சுருக்கிச் சொல்லப்படும் பாரா-ஃபெனிலீன்டையமின். கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் இதுவோ இதன் உறவுக்கார ரசாயனமோ இருக்கும். அமோனியா இல்லை என்று டப்பாவில் எழுதியிருந்தால் அமோனியா மட்டும்தான் இல்லை. பிபிடி இருக்கலாம். மருதாணி இயற்கைதானே என்று கறுப்பு ஹென்னா போடுகிறவர்களும் ஏமாறுகிறார்கள். மருதாணி இலை தருவது செம்பட்டை நிறம். போட்டதும் கறுக்கிறது என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. அதனால் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிப் பாருங்கள். முன்பு எப்போதாவது அரித்திருந்தால் அந்தச் சோதனையும் வேண்டாம், டையே வேண்டாம். ஒரு தடவை ஒவ்வாமை வந்த உடம்பு அடுத்த தடவை இன்னும் கடுமையாகக் காட்டும்.

பெண்கள் ஸ்மூத்தனிங், கெரட்டின் என்று முடியை வழவழப்பாக்கப் போகும்போது கேட்க வேண்டியது: ஃபார்மால்டிஹைடு இருக்கிறதா, ஜன்னல் திறக்குமா? சூடான இரும்பு பட்டதும் சில மருந்துகளிலிருந்து அந்தப் புகை வரும். இல்லை என்று அச்சடித்த டப்பாவிலிருந்தும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஏசிக்காகக் கதவை அடைத்த சின்ன அறையில் கண் எரிந்து மூக்கு நமநமத்தால் பாதியிலும் எழுந்து வெளியே வாருங்கள். கர்ப்பிணிகள் தள்ளிப்போடுவதே சரி. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணீரில் குளிக்கிறவர்கள் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகிறது, செலவழித்த பணத்துக்குப் பலன் கிடைப்பதில்லை.

கட்டிங் முடிந்ததும் தலையை இரண்டு பக்கமும் சொடுக்குகிறார்களே, அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஓடுகின்றன. திடீரென்று முறுக்கினால் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தலை அலசும் பேசினில் கழுத்தை நெடுநேரம் பின்னால் மடித்து வைத்ததால் வந்த பக்கவாதத்தை 1993-லேயே எழுதியிருக்கிறார்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கழுத்துக்கு அடியில் துண்டை மடித்து வைக்கச் சொல்லுங்கள்.

குழந்தையை நாற்காலிக் கைப்பிடி மேல் பலகை போட்டு உட்கார வைக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். ஃபேஷியல், ஹெட் மசாஜ் என்று நடுவில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள்.

கடைசியாகப் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள். பார்க்காமலே "சூப்பர்ணா" என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா, பிடரி லைன் கோணவில்லையா என்று நிதானமாகப் பார்த்து, துணியை அவிழ்க்கும் முன் சொல்லுங்கள். அந்த நேரத்தில் சரிசெய்ய அவருக்கு இரண்டு நிமிடம் போதும்.