கடலோர வீட்டுக்கு எந்த டெஸ்க்டாப்?

குளச்சல், முட்டம் பக்கம் வீடா? உப்புக்காற்று எஸ்எம்பிஎஸ்ஸையும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ராம் (நினைவகம்) முனைகளையும் அரிக்கும். ரெடிமேட் டெஸ்க்டாப் பலவற்றில் எஸ்எம்பிஎஸ் அளவும் கனெக்டரும் தனி ரகம். அது பழுதானால் கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் (பொது அளவு) எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால் பாகங்களைத் தனித்தனியே வாங்கி அசெம்பிள் செய்வதே நல்லது.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் 450 வாட் எஸ்எம்பிஎஸ் தாராளம். ஆனால் இன்டெல் பிராசசர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் வாங்காதீர்கள், திரையில் படமே வராது. 8 ஜிபி ராம் இரண்டு வாங்கி, 4 ஸ்லாட் மதர்போர்டென்றால் பிராசசரிலிருந்து 2, 4-வது ஸ்லாட்டில் செருகுங்கள். வாரன்டி ஒவ்வொரு பாகத்துக்கும் தனி, பில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

திடீரென டிஸ்ப்ளே வரவில்லையா? பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, முனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். அழிரப்பரால் தேய்க்க வேண்டாம், தங்கமுலாம் போய்விடும்.