பழைய காலத்துக் கோர்செட்டை (உடம்புக்கு வடிவம் தர உள்ளே போடும் இறுக்கமான மேலாடை) இன்று தைக்கும்போது எங்கே சறுக்குகிறது?

பேட்டர்ன் வாங்குவதற்கு முன் எந்தப் பத்தாண்டு உடை என்பதை முடிவு செய்யுங்கள். 1770களின் ‘ஸ்டேஸ்’, அதாவது அக்காலத்துக் கோர்செட், மார்பைத் தூக்கி, உடம்பைக் கூம்பாக நிறுத்தும். இடுப்பை அவ்வளவாக இறுக்காது. 1880களின் கோர்செட்டோ இடுப்பைப் பிடித்து, மேலும் கீழும் விரிய விடும். ஒரு காலத்துக் கோர்செட்டின் மேல் இன்னொரு காலத்துக் கவுன் சரியாக உட்காரவே உட்காராது. முன்பக்கம் கொக்கி போல மாட்டிக் கழற்றும் இரட்டைத் தகடான ‘பஸ்க்’கும் அப்படித்தான். அதற்குப் பிரான்சில் காப்புரிமை தந்ததே 1829இல்; அதை 1770களின் ஸ்டேஸில் வைத்தால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அடுத்தது அளவு. வழக்கமாகப் போடும் சட்டை சைஸைப் பார்த்து வெட்டிவிடுகிறார்கள். முதுகில் நாடா கட்டும்போது இரண்டு அங்குல இடைவெளியாவது இருக்க வேண்டும். முதல் நாளே இரண்டு ஓரமும் முட்டிக்கொண்டால் அப்புறம் இறுக்க இடமேது? காடா துணியில் ஒன்று தைத்துப் பாருங்கள், அதிலும் பட்டைகளை (துணியை நிமிர்த்தி வைக்கும் விறைப்பான கீற்றுகள்) செருகி, நாடா கட்டி. பட்டையில்லாத சோதனைத் தையல் சுருங்கிப்போய் எதையும் சொல்லாது. போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். கீழ் ஓரம் தொடையில் குத்தினால் நீளம் அதிகம்.

பட்டைதான் இடுப்பைச் சுருக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது துணியை வெட்டும் விதத்தின் வேலை. துணி மடங்காமல் நிமிர்ந்து நிற்கத்தான் பட்டை. அந்தக் காலத்துப் பட்டையைத் ‘திமிங்கில எலும்பு’ என்று சொன்னாலும் அது எலும்பே அல்ல, திமிங்கிலத்தின் மேல்தாடையில் தொங்கும் தகடு. நம் நகத்தில் உள்ள கெரட்டின்தான். மெல்லியதாகப் பிளக்கலாம், உடல் சூட்டில் கொஞ்சம் இளகி வளையும். இன்று அதற்குப் பதிலாகச் செயற்கைப் பட்டை கிடைக்கிறது. விலை கட்டாவிட்டால் ஹார்டுவேர் கடையின் அகலமான கேபிள் டை நன்றாகவே உழைக்கும். தையல் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை மட்டும் வேண்டாம். இடுப்பில் மடங்கினால் மடங்கியதுதான்.

தட்டை ஸ்டீல் பக்கவாட்டில் வளையாது, ஆகவே நேரான இடங்களுக்கு மட்டும். வளைந்த தையலுக்குச் சுருள் ஸ்டீல். அது 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்றாலும் உள்ளே மறைந்திருப்பதால் நான் குறை சொல்லமாட்டேன்.

எந்தப் பட்டையானாலும் முனையை அரத்தால் உருட்டி, பட்டையைச் செருகும் தையல் குழாயைவிடக் கால் அங்குலம் குறைவாக வெட்டுங்கள். இல்லாவிட்டால் நாலு தடவை போடுவதற்குள் ஓரத்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.