வெயில் பாதுகாப்பை வாட்ஸ்ஆப்பில் சொல்லப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கம் வயலிலும் கடற்கரையிலும் நாள் முழுக்க நிற்கிற பெரியவர்களுக்கு, வாட்ஸ்ஆப் குழு, குரல் பதிவு, சின்ன வீடியோ என்று ஏதாவது ஒரு வழியில் வெயில் பாதுகாப்பைச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறீர்களா? ரொம்ப நல்ல விஷயம், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் சில தவறுகளைச் செய்தால் உங்கள் உழைப்பு அத்தனையும் வீணாகிவிடும்.

பெரிய தவறு, பங்குனி கடைசியில் ஆரம்பித்துக் கத்திரி முடிந்ததும் குழுவை அப்படியே விட்டுவிடுவது. சூடு வேறு, வெயிலில் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தோலையும் கண்ணையும் கெடுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு 8.7 பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடையில் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும், உடம்பு குளுகுளுவென்று இருக்கும், தலையில் இருந்த துண்டு தோளுக்கு இறங்கிவிடும். கார் நடுகை நடப்பதும் அப்போதுதான். மெல்லிய மேகம் 80 சதவீதம் வரை புற ஊதாக் கதிரை உள்ளே விட்டுவிடும் என்பது குனிந்து நாற்று நடுகிற அக்காவுக்குத் தெரிய வாய்ப்பில்லை, ஏனென்றால் சுடவே இல்லையே! அதனால் சாரல் காலத்தில்தான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்தக் கதிரின் வலுவைச் சொல்லும் எண்ணான புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும், 11 வந்தால் உச்சம், மேகமில்லாத கோடை நண்பகலில் இங்கே அதைத் தாண்டுவது சாதாரணம். எண் புரியாதவர்களுக்கு ஒரே வரி போதும்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் மூடிக்கொள்ளுங்கள்.

அடுத்தது, "பத்திலிருந்து நாலு மணி வரை வெளியே வராதீர்கள்" என்று எழுதுவது. நூறு நாள் வேலைக்குப் போகிறவரிடமும், உவரியில் வலை இழுக்கிறவரிடமும் இதைச் சொன்னால், இவர்களுக்கு நம் பிழைப்பு தெரியாது என்று அன்றைக்கே குழுவை மியூட் பண்ணிவிடுவார்கள். அவர்களிடம் இருக்கிற பழக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வயலுக்குப் போவது இங்கே பெண்களின் வழக்கம், அதைப் பாராட்டுங்கள். ஆண்களின் முண்டாசு உச்சந்தலையைக் காப்பாற்றும், காதும் பிடரியும் அப்படியே வெயிலில் கிடக்கும். ஒரு முனையைக் கழுத்துவரை தொங்கவிட்டுக் கட்டுவது எப்படி என்று அரை நிமிட வீடியோ காட்டுங்கள், அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீனை முதலில் சொல்லாதீர்கள். வெளியே நிற்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகப் பூச வேண்டிய பொருள் அது. சில நூறு ரூபாய் கொடுத்து வாங்கும் சின்ன டியூப் கூலி வேலைக்காரருக்கு எத்தனை நாள் வரும்? வாங்க முடிந்தவருக்கு எஸ்பிஎஃப் (டியூபில் போட்டிருக்கும் பாதுகாப்பு எண்) 30 என்று சொல்லுங்கள், மற்றவருக்குத் துணியும் அகலத் தொப்பியும் போதும். இதோடு "கலர் கூடும்" என்று தயவுசெய்து சேர்க்காதீர்கள். காக்க வேண்டியது உடம்பை, நிறத்தை அல்ல.

தோல் புற்றுநோய்ப் படம் போட்டுப் பயமுறுத்துவதும் வேண்டாம். வெள்ளைத் தோல்காரர்கள் நிறைந்த ஆஸ்திரேலியாவில் 1981-இல் தொடங்கிய வெயில் பாதுகாப்புப் பிரச்சாரத்துக்குப் புற்றுநோயைப் பற்றிப் பேசுவது பொருந்தியது. கருத்த தோலில் அந்த நோய் மிகக் குறைவு என்பதால் இங்கே யாரும் நம்ப மாட்டார்கள். கன்னத்தில் விழும் மங்கு, கண்ணில் வளரும் சதை, கண்புரை இதெல்லாம் அவர்கள் தெருவிலேயே பார்ப்பது. அதைச் சொன்னால் காது கொடுப்பார்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி போதாது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யுவி400 என்று போட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், காலை ஒன்பதரைக்கு நீளமாக எழுதி அனுப்புவது. அதற்குள் வயலில் பாதி வேலை முடிந்திருக்கும், போன் பெரும்பாலும் மகன் கையில் இருக்கும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு, ஊர்க்காரர் ஒருவரின் குரலில் அனுப்புங்கள்: "மைனி, நாளைக்குத் தூக்குவாளியை எடுத்து வைக்கும்போதே அண்ணன் பழைய சட்டையையும் அதுமேலயே மடிச்சு வச்சிருங்க." எப்போது, எங்கே, எதை என்று இப்படித் தெளிவாகச் சொன்னால் செய்வார்கள், "கவனமாக இருங்கள்" என்றால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள்.

எத்தனை நீல டிக் விழுந்தது என்று எண்ணிச் சந்தோஷப்படுவதையும் விடுங்கள். ஒரு மாதம் கழித்து, நேற்று மதியம் தலையில் என்ன கட்டியிருந்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வராதவருக்கு நேராகப் போன் போட்டுப் பேசுங்கள்.